நாள்கணக்கு முதலில், வீடு பிறகு: ஹவுஸ் சிட்டிங் செய்தபடி ஐரோப்பாவில் நெடுங்காலம் பயணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹவுஸ் சிட்டிங் என்பது, வீட்டுக்காரர் வெளியூர் செல்லும் நாட்களில் அவருடைய வீட்டிலேயே தங்கி, அவர் வளர்க்கும் நாய், பூனை, செடிகொடிகளைப் பார்த்துக்கொள்வது. அவர் நமக்குப் பணம் தருவதில்லை. நாம் அவருக்கு வாடகை தருவதில்லை. இந்த முறையில் நான்கு ஆண்டுகளாகப் பயணம் செய்துவருகிறேன். புதிதாகத் தொடங்கிய பலருக்கு அருகிலிருந்து உதவியும் இருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறியதற்குக் காரணம் நாயோ வீடோ அல்ல. அவர்கள் வீட்டை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு விசாவைப் பிறகு தேடியதுதான். இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுத்திருப்பது அதனால்தான்.

இது இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்குக் குறுகிய காலத் தங்கலுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவையில்லை; ஆனாலும் ஐந்தாம் படியில் வரும் நாள்கணக்கு அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

1. இது வேலையாகக் கருதப்படுமா என்று முதலில் கேளுங்கள்

பணம் கைமாறாததால் இது வேலை ஆகாது என்று நாமாக முடிவுசெய்துவிடக் கூடாது. முடிவெடுப்பவர் எல்லையில் அமர்ந்திருக்கும் அதிகாரி. அவர் கையில் இருப்பது அந்நாட்டின் சட்டம். நியூசிலாந்தின் குடிவரவு விதிகளில் வேலைக்கான வரையறை, ஆதாயத்துக்காகச் செய்யும் எந்தச் செயலையும் உள்ளடக்குகிறது. உணவும் தங்குமிடமும் அந்த ஆதாயத்தில் சேரும். பிரிட்டனின் விருந்தினர் விசா விதிகள், அந்நாட்டில் பொருளோ சேவையோ வழங்குவதைத் தடைசெய்யப்பட்ட செயல்களின் வரிசையில் வைத்திருக்கின்றன. அதிகாரி ஒருவர் நினைத்தால் ஹவுஸ் சிட்டிங்கையும் உள்ளே கொண்டுவரக்கூடிய அளவுக்கு விரிந்த சொற்கள் அவை.

2022இல் கனடாவில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சென்ற ஆஸ்திரேலியப் பெண் ஒருவர், வழியில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் அமெரிக்காவில் தங்க வந்தவரல்லர். விமானம் மாற மட்டுமே இறங்கியவர். முன்பு அமெரிக்காவில் பூனைகளைப் பார்த்துக்கொண்டு இலவசமாகத் தங்கியதை அதிகாரிகள் அனுமதியற்ற வேலையாகக் கருதினர். வலிமையான கடவுச்சீட்டு உள்ள ஒருவருக்கே இந்த நிலை என்றால் நாம் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே முதல் படி மின்னஞ்சல் எழுதுவது. நீங்கள் போக விரும்பும் நாட்டின் தூதரகத்துக்கு நான்கைந்து வரிகளில் எழுதுங்கள்: ஊதியமின்றி, வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது அவர் வீட்டில் தங்கி அவருடைய பிராணியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்; சுற்றுலா விசாவில் இது அனுமதிக்கப்படுமா? ஷெங்கன் விசா பொதுவானதாக இருந்தாலும் எது வேலை என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தின்படியே தீர்மானிக்கிறது. அதனால் பிரான்சுக்குக் கிடைத்த பதில் ஸ்பெயினுக்குச் செல்லாது. பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடாது என்று பதில் வந்தால் அந்த நாட்டில் விடுதியில் பணம் கொடுத்துத் தங்குங்கள். வேறு நாட்டில் வீடு தேடுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் சொல்லாமல் செய்துவிடலாம் என்று யோசனை கூறுவோர் உண்டு. அந்த யோசனையை நான் யாருக்கும் தரமாட்டேன்.

2. கடவுச்சீட்டையும் ஆவணங்களையும் ஒழுங்குபடுத்துங்கள்

ஷெங்கன் விசாவுக்குக் கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். நெடும்பயணம் போகிறவருக்கு இது போதாது. நீண்ட கால விசா தரத் தூதரகம் விரும்பினாலும் கடவுச்சீட்டின் ஆயுள் குறுக்கே நிற்கும். மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக மீதமிருந்தால் புறப்படுவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். அப்போது 60 பக்கப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். 36 பக்கப் புத்தகத்தில் விசா ஒட்டுத்தாள்களும் முத்திரைகளும் சேர்ந்துகொண்டே போனால் இரண்டாம் ஆண்டிலேயே இடப் பற்றாக்குறை வரக்கூடும்.

பழைய கடவுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். முன்பு பெற்ற விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தினீர்கள் என்பதற்கு அதிலுள்ள ஒட்டுத்தாள்களும் முத்திரைகளும்தான் சான்று.

கடவுச்சீட்டு அலுவலகம் வழியாகக் காவல்துறை நற்சான்றும் வாங்கிவையுங்கள். விசாவுக்கு அது தேவைப்படாது. தன் வீட்டுச் சாவியை அறிமுகமில்லாத ஒருவரிடம் கொடுக்கப்போகும் வீட்டுக்காரருக்காக அது.

3. விசாவை எந்த வரிசையில் பெறுவது

புதியவர்களின் கனவு பெரும்பாலும் இப்படி இருக்கிறது: பிரான்சின் கிராமம் ஒன்றில் ஆறு வாரங்கள், அங்கிருந்து போர்ச்சுகலில் ஒரு மாதம், எல்லாம் முதல் விசாவிலேயே. முன்பயணம் எதுவும் இல்லாதவருக்கு ஷெங்கன் தூதரகங்கள் பெரும்பாலும் கேட்ட பயண நாட்களை ஒட்டியே விசா தருகின்றன. நானும் முதல் ஆண்டில் விசா வருவதற்கு முன்பே தெற்கு பிரான்சில் ஐந்து வார வீடு ஒன்றை ஒப்புக்கொண்டேன். கிடைத்த விசாவில் 20 நாட்களே இருந்தன. வயதான அந்தத் தம்பதியர் மகளைப் பார்க்க முன்பதிவு செய்திருந்த பயணத்தை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு நான் கேட்ட மன்னிப்பு அவர்களுடைய பணத்தைத் திருப்பித் தரவில்லை. அன்று முதல், கையில் விசா இல்லாத நாட்களுக்கு நான் வீடு கேட்பதே இல்லை.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2024 ஏப்ரல் 18 அன்று ஒரு விதியை ஏற்றுக்கொண்டது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று அவற்றை முறையாகப் பயன்படுத்தியவருக்கு, பலமுறை நுழையத்தக்க இரண்டு ஆண்டு விசா வழங்கலாம். அதைத் தொடர்ந்து, கடவுச்சீட்டின் ஆயுள் இடம்கொடுத்தால், ஐந்து ஆண்டு விசா. எனவே முதல் இரண்டு பயணங்களையும் சாதாரணச் சுற்றுலாவாக, நீங்கள் உண்மையிலேயே தங்கப்போகும் விடுதி முன்பதிவுகளோடு, பத்துப் பதினைந்து நாட்களில் முடித்துத் திரும்புங்கள். ஹவுஸ் சிட்டிங் மூன்றாவது விசாவில் தொடங்கட்டும். இது மெதுவான வழிதான். ஆனாலும் இடையில் அறுந்துபோகாத வழி.

விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து, குறைந்தது 15 நாட்கள் முன்பு வரை கொடுக்கலாம். கோடைக்காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே கடினம் என்பதால் நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். நேரம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு வேறொரு நாட்டிலேயே எல்லா நாட்களையும் கழிப்பது அடுத்த விண்ணப்பத்தில் கேள்வியாகத் திரும்பி வரும்.

தனியார் வீட்டில் தங்குவதாக விண்ணப்பித்தால் சில நாடுகள் வீட்டுக்காரரிடமிருந்தே முறையான அழைப்பைக் கேட்கின்றன. பிரான்சில் அவர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சான்று வாங்க வேண்டும். ஸ்பெயினில் காவல்துறை வழியாக அழைப்புக் கடிதம் பெற வேண்டும். நேரில் பார்த்திராத ஒருவருக்காக அலையும்படி வீட்டுக்காரரைக் கேட்பது நடைமுறையில் கடினம். இரண்டு ஆண்டு விசாவுக்காகக் காத்திருப்பதன் பயன் இங்கே தெளிவாகத் தெரியும்: விசா முன்பே கையில் இருப்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக விண்ணப்பிக்கத் தேவை இராது.

முகவர்கள் சிலர், ரத்து செய்யக்கூடிய விடுதிப் பதிவுகளைக் காட்டி விசா வாங்கிய பிறகு அவற்றை நீக்கிவிடச் சொல்கிறார்கள். பொய்யான தகவலில் பெற்ற விசாவை எல்லையிலேயே செல்லாததாக்க முடியும். அந்தப் பதிவு உங்கள் பெயரோடு பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

4. விசா ஒட்டுத்தாளை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அதில் மூன்று செய்திகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: விசா எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும், எத்தனை முறை நுழையலாம், மொத்தம் எத்தனை நாட்கள் தங்கலாம். இவற்றில் எது முதலில் தீர்கிறதோ அன்றோடு உங்கள் உரிமை முடிகிறது.

குறுகிய கால விசாக்களில் செல்லுபடிக் காலம், தங்கும் நாட்களைவிடப் பொதுவாக 15 நாட்கள் அதிகமாக இருக்கும். பயணத் தேதி சற்று நகர்ந்தால் பயன்படுவதற்கான இடைவெளி அது. தங்குவதற்கான கூடுதல் நாட்கள் அல்ல. 20 நாட்கள் என்று எழுதியிருந்தால் 20 நாட்கள்தான். விசா 35 நாட்களுக்குச் செல்கிறது என்று மகிழ்ந்து தங்கிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒருமுறை நுழைவு என்று எழுதியிருந்தால், ஷெங்கன் எல்லையைத் தாண்டி வெளியே வந்த அந்தக் கணத்தில், எத்தனை நாட்கள் மீதமிருந்தாலும் விசா தீர்ந்துவிடும். குரோஷியாவிலிருந்து ஒரு பகல் பொழுதுக்கு, ஷெங்கனில் இல்லாத மாண்டினீக்ரோ போய்வரலாம் என்று நினைத்தால் திரும்பி உள்ளே வர முடியாது.

5. 90/180 கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். விதி இதுதான்: எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்குள் ஷெங்கன் பகுதியில் 90 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. 29 நாடுகளும் சேர்ந்து ஒரே கணக்கு. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாட்களாக எண்ணப்படும்.

புதியவர்கள் இதை ஆண்டுக்கு இரண்டு பகுதிகள் என்றோ, நுழைந்த நாளிலிருந்து தொடங்கும் 180 நாட்கள் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. 180 நாள் கொண்ட சட்டகம் ஒன்று, சன்னல் சட்டகம் போல, உங்களோடு தினமும் நகர்கிறது. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளிலும், அன்றையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களை எண்ணி, அவற்றில் எத்தனை நாட்கள் உள்ளே இருந்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பலமுறை நுழைவு விசாவோடு மார்ச் 1 அன்று நுழைந்து ஏப்ரல் 30 அன்று வெளியேறினீர்கள்: 61 நாட்கள். ஜூலை 10 அன்று மீண்டும் நுழைந்தால் பின்னோக்கிய 180 நாட்கள் ஜனவரி 12 வரை செல்லும். அந்த 61 நாட்களும் சட்டகத்துக்குள்ளேயே இருக்கின்றன. உங்களுக்கு மீதம் 29. ஆகஸ்டு 7 கடைசி நாள். ஆகஸ்டு 8 அன்று காலை அங்கே இருந்தால் விதிமீறல்.

அதே பயணத்தை ஆகஸ்டு 28க்குத் தள்ளிவையுங்கள். அன்று சட்டகம் மார்ச் 2இல் தொடங்குகிறது. மார்ச் 1 வெளியே போய்விட்டது. அதன் பிறகு நீங்கள் ஒரு நாள் தங்கும்போது பழைய நாள் ஒன்று சட்டகத்திலிருந்து வெளியேறுகிறது. ஏப்ரல் 30 வரையுள்ள பழைய நாட்கள் அனைத்தும் கரைந்துவிடுவதால், நவம்பர் 25 வரை முழு 90 நாட்கள் கிடைக்கின்றன. ஏழு வாரம் பொறுத்தால் 29 நாள் 90 ஆகிறது. இதைக் காகிதத்தில் ஒருமுறை எழுதிப் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென ஒரு கணிப்பான் இருக்கிறது. கையால் போட்ட கணக்கை அதில் சரிபாருங்கள். கணிப்பானை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தேதியைத் தவறாகப் பதிந்தாலும் அது தவறான விடையை எந்தத் தயக்கமும் இல்லாமல் காட்டும்.

கடைசி நாள் வரை திட்டமிடாதீர்கள். வீட்டுக்காரரின் விமானம் தாமதமானால் பசியோடு இருக்கும் நாயை விட்டுவிட்டு நீங்கள் புறப்பட முடியாது. 90இல் 84 நாட்களுக்கு மேல் நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. மீதியுள்ள ஆறு நாட்கள் இப்படிப்பட்ட தாமதங்களுக்கு.

முத்திரை மங்கலாக இருந்தால் தப்பிவிடலாம் என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறையில், முகப்படத்தோடு ஒவ்வொரு நுழைவும் வெளியேற்றமும் கணினியில் பதிவாகிறது. கூடுதலாகத் தங்கியவரைப் பற்றி அது தானாகவே தெரிவித்துவிடும்.

6. ஷெங்கனுக்கு வெளியே கழிக்க வேண்டிய நாட்களுக்கு இடம் தேடுங்கள்

ஒரு 90 நாட்களுக்கும் அடுத்த 90 நாட்களுக்கும் நடுவே வரும் மாதங்களை எங்கே கழிப்பது என்பதை முன்பே தீர்மானிக்காதவர்கள்தான் அவசரத்தில் தவறு செய்கிறார்கள். இந்தியா திரும்புவது எப்போதும் உள்ள வழி. அது தவிர, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வேறு சில கதவுகளையும் திறக்கிறது.

ஜார்ஜியாவில் இப்படிப்பட்ட விசா உள்ள இந்தியர் 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம். செர்பியாவிலும் 90 நாட்கள். அங்கே விசாவின் ஆயுள் முடியும் நாளைத் தாண்டக் கூடாது. அல்பேனியா, பலமுறை நுழைவு விசாவாகவும் அது முன்பே ஒருமுறை பயன்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. மாண்டினீக்ரோவில் 30 நாட்கள். துருக்கிக்கு மின்விசா பெற்று 30 நாட்கள் போகலாம். அல்பேனியாவின் நிபந்தனையைக் கவனியுங்கள்: இந்தியாவிலிருந்து நேராக அங்கே போய், பிறகு ஷெங்கனுக்குள் நுழையலாம் என்ற திட்டம் வாசலிலேயே நின்றுவிடும்.

இவை மாறக்கூடியவை. செர்பியா இந்தியர்களுக்குக் கொடுத்திருந்த 30 நாள் விசா விலக்கை 2023 ஜனவரி 1 முதல் நீக்கிக்கொண்டது. அப்போது பலருடைய திட்டம் குலைந்தது. பயணச்சீட்டு வாங்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தை மறுபடியும் பாருங்கள்.

பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதன் விருந்தினர் விசாவில் ஒருமுறைக்கு ஆறு மாதங்கள் வரை தங்கலாம். இரண்டு, ஐந்து, பத்து ஆண்டு விசாக்களும் உண்டு. அடிக்கடி வந்து பிரிட்டனையே வீடாக்கிக்கொள்கிறீர்கள் என்று அதிகாரி கருதினால் நுழைவை மறுக்கலாம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு மூன்று மாதங்கள் முன்பிருந்துதான் கொடுக்க முடியும். ஷெங்கனுக்கான ஆறு மாதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் படியில் சொன்ன சட்டக் கேள்வி பிரிட்டனுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. தெளிவான பதில் கிடைக்காத நிலையில் அங்கே வீடு பார்ப்பதை நான் தவிர்த்து வந்திருக்கிறேன்.

7. ஊரிலேயே சான்றுரை சேருங்கள்

வீட்டுக்காரரையும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரையும் இணைக்கும் டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ், நோமடோர், மைண்ட் மை ஹவுஸ் போன்ற தளங்களில் ஆண்டுச் சந்தா செலுத்தி உறுப்பினராகலாம். சந்தா கட்டிய அன்றே வெளிநாட்டு வீட்டுக்கு விண்ணப்பித்துப் பதில் வராமல் சோர்ந்துபோவது புதியவர்களின் அடுத்த தவறு. மதிப்புரை ஒன்றுகூட இல்லாதவரிடம் சாவி தர யாரும் முன்வரமாட்டார்கள்.

சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ நண்பர்களின் வீட்டில், அவர்கள் ஊருக்குப் போகும் நாட்களில், நாயையும் பூனையையும் உண்மையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வீடுகள் போதும். நண்பர்களிடம் எழுத்தில் சான்று கேளுங்கள். நாயின் பெயர், எத்தனை நாட்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நல்லவர், நம்பிக்கையானவர் என்று மட்டும் சொல்லும் கடிதத்தால் பயனில்லை.

இந்த நாட்களில் உங்களையும் சோதித்துக்கொள்ளுங்கள். நாயைக் கண்டால் உள்ளூரப் பயப்படுகிறவர்கள் நம்மில் பலர். சைவ உணவுக்காரர் என்றால், பச்சை இறைச்சியை வெட்டி வைக்க முடியுமா என்று பாருங்கள். ஐரோப்பாவில் நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கும் வீடுகள் உண்டு. முடியாது என்பதில் குறையொன்றும் இல்லை. சேர்ந்த பிறகு சொல்வதுதான் குறை.

8. விசா நாட்களுக்குள் அடங்கும் வீட்டுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள்

இப்போதுதான் வீடு தேடும் நேரம். ஐந்தாம் படியின் கணக்கை எதிரே வைத்துக்கொண்டு, நுழையக்கூடிய முதல் நாளையும் வெளியேற வேண்டிய கடைசி நாளையும் தேடலில் பதியுங்கள். வெளியே விழும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் திறந்து பார்க்காதீர்கள். பார்த்தால் ஆசை கணக்கை வளைக்கும்.

விரும்பப்படும் வீடுகள் சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் தளத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்து விண்ணப்பங்கள் வந்ததும் அதன் அறிவிப்பு மேலும் விண்ணப்பம் ஏற்பதைத் தானாக நிறுத்திவைக்கிறது. ஆனால் அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். முதல் வரியில் அவர்களுடைய பிராணியின் பெயரைச் சொல்லுங்கள். இரண்டாவது வரியில் தேதிகளையும், உங்கள் விசா அந்தத் தேதிகளுக்குச் செல்லும் என்பதையும் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் மனத்தில் எழும் முதல் ஐயம் விசாதான். அதற்கு முன்கூட்டியே பதில் சொன்ன பிறகு எனக்கு வரும் பதில்கள் கூடின.

தொடக்கத்தில் பாரிஸ், பார்சிலோனா போன்ற நகரங்களைத் தேடாதீர்கள். சிற்றூர்களில் போட்டி குறைவு. தங்கும் நாட்களும் அதிகம். அங்கே கார் இல்லாமல் கடைக்குப் போக முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்று நாட்களாவது இடைவெளி வையுங்கள். ஒரு வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று மாலையே அடுத்த வீட்டில் சாவி வாங்குவதாகத் திட்டமிட்டால், ஒரு ரயில் வேலைநிறுத்தம் இரண்டு குடும்பங்களின் விடுமுறையைக் கெடுத்துவிடும்.

9. காணொளியில் பேசி, பேசியதை எழுத்தில் பெறுங்கள்

ஒப்புக்கொள்வதற்கு முன் காணொளியில் பேசுங்கள். பிராணியின் வயது, நோய், மருந்து, எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், இரவில் எங்கே தூங்கும் என்று கேளுங்கள். கால்நடை மருத்துவரின் செலவை யார் ஏற்பது, மின்சாரமும் சூடாக்கும் செலவும் யாருடையது, வீட்டில் கண்காணிப்புக் கேமரா உண்டா, விருந்தினரை அழைக்கலாமா என்பவற்றைக் கேட்கத் தயங்க வேண்டாம். தயங்கிக் கேட்காமல் விட்ட ஒன்றுதான் பின்னால் மனக்கசப்பாக மாறும்.

தினமும் எத்தனை மணி நேரம் தோட்ட வேலை, விருந்தினர் அறைகளைச் சுத்தம் செய்வது, குதிரைகளைப் பராமரிப்பது என்று பட்டியல் நீண்டால் விலகிவிடுங்கள். அது சுரண்டல் என்பது ஒரு காரணம். அந்த அளவுக்குப் போனால் எந்த அதிகாரியும் அதை வேலையென்றே சொல்வார் என்பது மற்றொன்று. கைச்செலவுக்கு என்று சிறு தொகை தர முன்வந்தாலும் வாங்காதீர்கள்.

பேசி முடித்த அன்றே தேதிகள், முகவரி, பொறுப்புகள், பணப் பரிமாற்றம் இல்லை என்ற வரி ஆகியவற்றோடு மின்னஞ்சல் அனுப்பி, ஒப்புக்கொள்வதாகப் பதில் வாங்குங்கள்.

10. காப்பீடு, பணம், கைபேசி

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆண்டு முழுதும் செல்லும் பலபயணக் காப்பீடுகளில் ஒரு பயணத்துக்கு 30, 45 அல்லது 60 நாட்கள் என்ற வரம்பு இருப்பது வழக்கம். பத்திரத்தின் அட்டையில் 365 நாட்கள் என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து புறப்படும் முன்பே வாங்கச் சொல்கின்றன. மற்றவர் சொத்துக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதம் அதில் அடங்குமா என்பதையும் படித்துப் பாருங்கள்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிட்டுப் புறப்படுங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அந்தச் சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். எண் முடங்கிவிட்டால் உங்கள் பணத்தையே நீங்கள் எடுக்க முடியாது.

வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் ரத்து செய்வது நடக்கக்கூடியது. இரண்டு வாரம் விடுதியில் தங்கும் தொகையையும் ஊர் திரும்பும் விமானக் கட்டணத்தையும் தனிக் கணக்கில் வைத்து, அதைத் தொடாதீர்கள்.

11. எல்லையில்

அதிகாரி கேட்டதற்கு மட்டும், உண்மையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். திரும்பும் பயணச்சீட்டு, காப்பீடு, வங்கி அறிக்கை, தங்கும் முகவரி, தூதரகத்தின் பதில், வீட்டுக்காரரோடு செய்த மின்னஞ்சல் ஆகியவற்றை அச்சில் கையோடு வைத்திருங்கள். பெட்டிக்குள் வைத்தால் அது கிடைக்கும் முன்பே கேள்வி வந்துவிடும். வேலைக்கு வந்தேன், உதவியாளராக வந்தேன் என்பன போன்ற பொருந்தாத சொற்கள் வாயில் வரக் கூடாது. அதே நேரம் தெரிந்தவர் வீடு என்று பொய்யும் சொல்லக் கூடாது.

12. வீட்டில் இருக்கும் நாட்களில்

கூடுமானால் வீட்டுக்காரர் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். அவர்களோடு நாயை ஒருமுறை நடைக்கு அழைத்துச் சென்றால் போதும், நாய் உங்களை ஏற்றுக்கொள்ளும். தண்ணீர் முதன்மைக் குழாய், மின்பெட்டி, சூடாக்கும் கருவி, குப்பை எடுக்கும் நாள், கால்நடை மருத்துவரின் எண் ஆகியவற்றை அன்றே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நடையின்போது கயிற்றை அவிழ்த்துவிடுவது அவர்களுக்கு வழக்கமாக இருந்தாலும் நீங்கள் முதல் வாரம் அதைச் செய்யாதீர்கள்.

நம் சமையலறைப் பழக்கம் ஒன்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மீந்த சாம்பார் சாதத்தை நாய்க்கு வைப்பது நமக்கு இயல்பு. வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு ஆபத்து. லில்லி மலர்கள் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டுக்காரர் எழுதிவைத்த உணவைத் தவிர வேறெதையும் தட்டில் வைக்காதீர்கள்.

தாளிக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். புகை எச்சரிக்கை மணி அடித்தால் நாய் நடுங்கிப்போகும். தினமும் ஒரு படமும் இரண்டு வரியும் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பிராணி உண்ணாவிட்டாலோ எது உடைந்தாலோ அன்றே சொல்லுங்கள்.

13. வெளியேறும்போது

வந்தபோது எடுத்த படங்களோடு ஒப்பிட்டு வீட்டைப் பழைய நிலையில் வையுங்கள். விரிப்புகளைத் துவைத்து, குளிர்பதனப் பெட்டியில் பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். மதிப்புரையை அந்த வாரத்திலேயே கேளுங்கள். ஒரு மாதம் கழிந்தால் எழுதமாட்டார்கள்.

ஷெங்கனை விட்டு வெளியேறிய அன்றே விமான அனுமதிச் சீட்டைப் படம்பிடித்து, நுழைந்த நாளையும் வெளியேறிய நாளையும் உங்கள் அட்டவணையில் எழுதுங்கள். கணினிப் பதிவில் பிழை நேர்ந்தால் நீங்கள் வெளியேறியதை நிறுவ உங்களிடம் இருப்பது அந்தச் சீட்டுத்தான். எழுதிய கையோடு அடுத்த 90 நாட்கள் எந்தத் தேதியில் திறக்கின்றன என்று எண்ணிக் குறித்துவையுங்கள்; அடுத்த வீட்டுக்கான தேடலில் நீங்கள் பதியப்போகும் முதல் தேதி அது.